ராணி எழுதிக் குடுத்த சீட்டு

உள்ள வாங்க, சமையக்கட்டுக்கே வந்துடுங்க. கூடத்துல அண்ணன் டிவி வச்சிருக்காரு, அந்தச் சத்தத்துல நீங்க ஒண்ணு கேக்க நான் ஒண்ணு சொல்லணும். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. காப்பிதானே? சக்கரை போடலாமா? இந்தக் காலத்துல அதையும் கேட்டுக்க வேண்டியிருக்கு. கொஞ்சம் மெதுவாவே பேசுவோம், உள் ரூம்ல அண்ணன் பொண்ணு சிந்து படுத்திருக்கா. எட்டு மாசம். வளைகாப்பு போட்டுப் போன மாசம்தான் கூட்டிட்டு வந்தோம்.

வாசல்ல அண்ணன் என்ன சொன்னாரு? "அந்தப் பார்லர்காரியா, அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க"ன்னாரா? சொல்லுவாரு. "விவரம் வேணும்னா என் தங்கச்சியைக் கேளுங்க, அவதான் கூடவே இருந்தா"ன்னும் சொல்லியிருப்பாரு. ஆமாங்க, நான்தான் கூடவே இருந்தேன்.

நீங்க பண்ருட்டியிலேருந்து இதுக்குன்னே பஸ் ஏறி வந்திருக்கீங்க. தப்பே இல்ல. விசாரிக்காம யாரு பெத்த பொண்ணு மூஞ்சியை அடுத்தவ கையில குடுப்பாங்க? தை மாசம் கல்யாணம்னா இன்னும் நாள் கிடக்கு. ராணி உங்க வீட்டுக்கு வந்து பேசிட்டுப் போனாளா? எப்படி இருக்கா? மெலிஞ்சிட்டாளா? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

உங்க பொண்ணு என்ன நிறம்? மாநிறமா? போகட்டும், மாநிறம் பரவாயில்ல, கொஞ்சம் கவனிச்சா எடுத்துக் குடுத்துடும். நான் சொல்றேன் கேளுங்க, என்னைப் பாத்தீங்கல்ல, அடுப்புக்கரி. மூணு பேரு வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் பாத்துட்டுப் போனாங்க. மூணாவதா வந்த பையனோட அம்மா இந்தக் கூடத்துல நின்னுக்கிட்டே சொல்லிச்சு, "எல்லாம் லட்சணமாத்தான் இருக்கு, வெளிச்சம்தான் பத்தல"ன்னு. என்னமோ பல்பைச் சொல்ற மாதிரி. அப்புறம் அப்பா போயிட்டாரு, வயசு போச்சு, அண்ணி போயிட்டாங்க. சிந்துவுக்கு அப்ப நாலு வயசு. அவளைத் தூக்கி இடுப்புல வச்சவதான், கல்யாணம் காட்சின்னு எனக்குன்னு ஒண்ணு இருந்ததே மறந்து போச்சு. நான் அதுக்கெல்லாம் வருத்தப்படுற ஆளே இல்ல.

ஆனா ஒண்ணு. அவளை எவளும் வந்து "வெளிச்சம் பத்தல"ன்னு சொல்லக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பயத்தம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் காயவச்சு மில்லுல குடுத்து அரைச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை தேச்சு ஊறவச்சுக் குளிப்பாட்டினேன். பத்தாங்கிளாஸ் படிக்கும்போது கோதுமைக் கலர்ல நின்னாங்க எம்பொண்ணு. எம்பொண்ணுன்னுதான் சொல்லுவேன், அதுல என்ன?

அப்புறம் என்ன பண்ணினா? இன்ஜினியரிங் படிச்சா. சரி, ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவான்னு பாத்தா, பாலம் கட்டுற கம்பெனிக்குப் போயிட்டா. விழுப்புரத்துக்கு அந்தாண்ட ஹைவேயில நட்ட நடு வெயில்ல நின்னு கான்கிரீட் ஊத்துறதைப் பாக்குற வேலை. தலையில ஹெல்மெட். ரெண்டு வருஷத்துல எப்படி ஆயிட்டான்னு நினைக்கிறீங்க? மூஞ்சி ஒரு கலர், ஹெல்மெட் வாரு போற இடம் மட்டும் காதுலேருந்து தாடை வரைக்கும் வெள்ளைக் கோடு. வாட்ச்சைக் கழட்டினா மணிக்கட்டுல இன்னொரு வாட்ச். சட்டைக்கை முடியற இடத்துல அளவெடுத்த மாதிரி ஒரு எல்லை. "ஏண்டி, கொடைய வச்சுக்கடி, கைக்கு உறை மாட்டுடி"ன்னா, "அத்தை, எங்க சைட்டுல குடை பிடிச்சுக்கிட்டு நின்னா மேஸ்திரி சிரிப்பாரு"ன்னுவா.

அந்த சைட்டுலதான் தீபனைப் பாத்தா. அவனும் அதே கம்பெனி. தங்கமான பையன், அதுல குத்தமே சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர்க்காரங்க. அவங்க ஊர்ல கடல் இல்லல்ல, அதனால அந்தப் பையனுக்குக் கல்யாணம்னா கடற்கரையிலதான் நடக்கணும்னு ஒரு பைத்தியம். பாண்டிச்சேரியைத் தாண்டி ஈசிஆர்ல ஒரு ரிசார்ட். மணல்லயே பந்தல், மணல்லயே மணவறை, ஒன்பதுக்கு மேல பத்தரைக்குள்ள முகூர்த்தம். மண்டபம்னா டியூப்லைட்டு, ஃபேனு, நாலு கோட் பவுடரு, சமாளிச்சுடலாம். சித்திரை மாசம் கடற்கரை வெளிச்சத்துல எதைங்க மறைக்கிறது?

அதுக்குத்தான் ராணியைப் பிடிச்சோம். செல்வராணி. இங்க கடலூர்லயே, மஞ்சக்குப்பத்துல மாடியில சின்னதா பார்லர் வச்சிருந்தா. கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே வீட்டுக்கு வந்தா. சிந்து கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, கழுத்தைப் பாத்தா. "ஒரு மாசத்துல வெள்ளையாக்கறேன்னு சொன்னா அது பொய்க்கா, இருக்கற நிறத்தைச் சீரா கொண்டு வரலாம், பொண்ணு பளிச்சுன்னு இருக்கும், அது போதும்"னா. எனக்கு அப்பவே அவளைப் பிடிக்கல. போதும்னு சொல்றதுக்கு இவ யாரு?

ஒரு சன்ஸ்கிரீன் டியூப் குடுத்தா. சைட்டுக்குப் போறதுக்குக் கால் மணி முன்னாடி போடணும், வேர்த்தா மறுபடி போடணும். பதினோரு மணியிலேருந்து மூணு மணி வரைக்கும் முடிஞ்ச வரைக்கும் நிழல்ல நில்லு, முழுக்கை சட்டை போடு. அப்புறம் நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு எல்லாத்தையும் பேனாவுல எழுதி என் கையில குடுத்தா. "அக்கா, நீங்கதான் பொறுப்பு. கடைசிப் பத்து நாளைக்குப் புதுசா எதுவும் வேணாம், ப்ளீச் வேணாம். எலுமிச்சம்பழம் மட்டும் தொடவே கூடாது. அதைத் தேச்சுக்கிட்டு வெயில்ல போனா தோலு வெந்துடும்க்கா"ன்னா. அந்த வரிக்குக் கீழ ரெண்டு கோடு வேற போட்டா.

எனக்கு எப்படி இருக்கும்? இருபத்திமூணு வருஷம் அந்தத் தோலைத் தேச்சவ நான். முப்பது வயசுப் பொண்ணு வந்து எனக்குச் சீட்டு எழுதிக் குடுக்குறா. சரிம்மான்னு வாங்கி அதோ அந்த அஞ்சறைப் பெட்டிக்கு அடியில செருகினேன். "எலுமிச்சம்பழம் தொடக் கூடாதாம், இவ வீட்ல ரசம் வைக்க மாட்டாளா"ன்னு அண்ணன்கிட்ட சொல்லிச் சிரிச்சேன்.

காப்பி ஆறுது பாருங்க, குடிங்க.

புதன்கிழமை கல்யாணம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்ல நலங்கு வச்சோம். தெரியும்ல, நலங்குன்னா சுமங்கலிங்கதான் பொண்ணுக்குச் சந்தனம், மஞ்சள் பூசணும். அஞ்சு பேரு, ஏழு பேருன்னு வரிசையா வருவாங்க. நான் வர முடியாது. ராப்பகலா மாவு இடிச்சவ நான், சலிச்சவ நான், பன்னீர் விட்டுக் கலக்கினவ நான், கிண்ணத்தை நீட்டிட்டு இந்தச் சமையக்கட்டு நிலைப்படியில நின்னு பாத்துட்டிருந்தேன். யாரும் வராதேன்னு சொல்லல. சொல்லணுமா என்ன? அத்தை முறைக்கு எங்க ஒண்ணுவிட்ட அக்காவைக் கூப்பிட்டாங்க. சிந்துவைத் தூக்கி இடுப்புல வச்சிருப்பாங்களா அவங்க ஒரு நாளாவது? சிந்து மட்டும் திரும்பி என்னைப் பாத்து, "நாளைக்குக் காலையில நீதான் குளிப்பாட்டணும்"னு கண்ணைச் சிமிட்டினா.

அதாங்க. அந்தக் குளியல் என்னோடது. அதுல யாருக்கும் பங்கு கிடையாது.

மறுநாள் ஞாயித்துக்கிழமை தேவனாம்பட்டினம் பீச்சுல போட்டோ எடுக்குறதா ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளை பொண்ணை நிக்கவச்சு எடுக்குறாங்களே, அது. கை இல்லாத வெள்ளை கவுன் வாங்கி வச்சிருந்தா. நான் காலங்காத்தால அஞ்சு மணிக்கு எழுந்து வெந்நி போட்டேன். மிச்ச மாவை எடுத்தேன். பன்னீர் தீந்து போச்சு. கூடையில எலுமிச்சம்பழம் இருந்துச்சு. தாம்பூலத்துக்குன்னு வாங்கினது, நல்லா மஞ்ச மஞ்சேர்னு.

பன்னீர் தீந்ததாலதான்னு சொல்லிட்டா எவ்வளவு நல்லா இருக்கும். இல்லீங்க. பக்கத்துத் தெருவுல நாட்டு மருந்துக் கடை இருக்கு, தண்ணி இருக்கு, தயிர் இருக்கு. அந்த ஹெல்மெட் கோடு என் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சட்டைக்கை எல்லை. மூணு பழத்தைப் புழிஞ்சு மாவுல கலந்தேன். சீட்டு ஞாபகம் வரலையான்னு கேளுங்க. வந்துச்சு. "அவ கிடக்கிறா"ன்னு என் வாயாலயே சொன்னேன், இதே இடத்துல நின்னு.

தேய்க்கும்போது சிந்து கண்ணை மூடிக்கிட்டு, "என்ன அத்தை, எலுமிச்சை வாசம் வருது?"ன்னா. "கிச்சிலிக்கிழங்குடி, பேசாம இரு, வாய்க்குள்ள போயிடும்"னேன். ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தினேன். சோப்பு போட விடல, சத்து போயிடும்னு. கடைசியில மிச்சம் ஒரு அரை மூடி கிடந்துச்சு. அதை வீணாக்குவானேன்னு தோள்மேல, கைமேல ஒரு தேய் தேச்சு, சாறு வழிய வழிய அப்படியே விட்டு, "எழுந்திருடி"ன்னு தோளைப் பிடிச்சுத் தூக்கினேன். அவ்வளவுதாங்க நான் பண்ணினது. ஒரு நிமிஷ வேலை.

எட்டு மணிக்கு ராணி வந்தா. மூஞ்சியையும் முன்கழுத்தையும் என்னமோ ஒரு திரவத்தால ரெண்டு தரம் துடைச்சா, சோப்பு மாதிரி நுரைக்கவச்சுக் கழுவினா. அப்புறம் சன்ஸ்கிரீன், அப்புறம் மேக்கப். "கைக்கும் தோளுக்கும் கார்ல போகும்போது நீயே டியூபைப் போட்டுக்கம்மா"ன்னா. இவ கார்ல போன் பேசிக்கிட்டே வந்தா, எங்க போட்டா? பத்து மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் அந்த மணல்ல. நான் குடையைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி ஓடினேன். "ஆன்ட்டி, குடை நிழல் விழுது, தள்ளுங்க"ன்னு அந்த கேமராக்காரன் என்னை விரட்டினான். வெயில்லேருந்து காப்பாத்தத்தாங்க ஓடினேன். கையில எலுமிச்சம்பழத்தைத் தேச்சு விட்டுட்டு, மேல குடை பிடிச்சேன். இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பா வருது, அழுகையா வருது.

திங்கட்கிழமை சிவந்துச்சு. வேர்க்குருன்னோம். செவ்வாய்க்கிழமை ரிசார்ட்டுக்குப் போயாச்சு. அங்க மணல்ல வெள்ளைக்காரங்க நாலு பேரு உடம்பெல்லாம் எண்ணெயைத் தடவிக்கிட்டு அப்பளம் மாதிரி காயறாங்க. அண்ணன் சொன்னாரு, "பாரு மங்கை, நீ உரிச்சு எடுக்கப் பாக்குற நிறத்தை அவன் டிக்கெட் வாங்கி வந்து பூசிக்கிறான்"னு. எனக்கு என்ன கோபம் வந்துச்சு தெரியுமா அவரு மேல. ராத்திரி கொப்புளம் கிளம்பிடுச்சு. காத்துப் பட்டாலே எரியுதுன்னா. உப்புக்காத்து வேற.

புதன்கிழமை காலையில விளக்கு வெளிச்சத்துல அவ தோளைப் பாத்தேங்க. ராணி பின்னாடி நின்னு தலை பின்னிக்கிட்டிருந்தா. நான் வெறும் கொப்புளம்னு நினைச்சு கிட்டக்க போனேன். இடது தோள்ல நாலு விரல், பின்னாடி ஒரு கட்டைவிரல். கையில சாறு வழிஞ்ச தாரை தாரையா கோடு, முழங்கை வரைக்கும். விரல் விரலா வெந்திருக்கு. யாரும் பாக்காதப்போ என் கையைத் தொடாம மேல வச்சு அளவு பாத்தேன். என் கைதாங்க. என்னோட அஞ்சு விரலும் அவ தோள்ல இருந்துச்சு.

இன்னொண்ணும் அப்பவே தெரிஞ்சுபோச்சு. மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. முன்கழுத்துல ஒண்ணுமே இல்ல. ராணி கை பட்ட இடமெல்லாம் சுத்தமா இருக்கு. என் கை பட்ட இடமெல்லாம் வெந்து கிடக்கு. கண்ணு இருக்கிறவங்க யாரு பாத்தாலும் தெரியும். யாரும் பாக்கல.

அந்த நேரம் பாத்து மாப்பிள்ளையோட அம்மா பூக்கூடையோட உள்ள வந்தாங்க. தோளைப் பாத்தாங்க. மூஞ்சி சுண்டிப் போச்சு. "இது என்னங்க? ஏதாச்சும் தோல் வியாதிங்களா? எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லைங்களே"ன்னாங்க. வெளிய நாதஸ்வரம் வாசிக்கிறான். அண்ணன் கதவுகிட்ட நிக்கிறாரு. அந்தம்மா நேரா என்னைப் பாத்துக் கேட்டாங்க. "நீங்கதானே வளத்தீங்க. பொறந்ததிலேருந்து இந்த மாதிரி உண்டுங்களா? உண்மையைச் சொல்லிப்போடுங்க."

உண்மையைத்தாங்க கேட்டாங்க. தட்டுல வச்சு நீட்டின மாதிரி கேட்டாங்க. "நான்தான் முட்டாள்தனமா எலுமிச்சம்பழம் தேச்சேன்"னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? நாலு பேரு திட்டியிருப்பாங்க. கல்யாணம் நின்னுருக்காது. ஆனா அத்தனை சுமங்கலிங்க சுத்தி நின்னாங்க. நலங்குல கை வைக்கக் கூடாதவ திருட்டுத்தனமா கை வச்சா, பாரு எப்படி ஆச்சுன்னு சொல்லுவாங்கன்னு தோணிச்சு. அது பேச்சா இருக்காது, முத்திரையா குத்திடுவாங்க. என் நாக்கு என்னைக் கேக்காம சொல்லிடுச்சு. "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, பார்லர்காரி குடுத்த க்ரீமு."

நான்தாங்க சொன்னேன். ஊரெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி முதல்ல சொன்னது நான்.

ராணி சீப்பைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னா. "அக்கா, நான் தோளுக்கு ஒண்ணுமே போடலயே... நீங்க எலுமிச்சம்பழம் ஏதாவது...?"ன்னு மெதுவாத்தான் கேட்டா. நான் கத்தினேன். "என்னடி, உன் தப்பை என் தலையில கட்டப் பாக்குறியா? நான் வளத்த பொண்ணுடி அது!"ன்னு. அப்புறம் அண்ணன் சும்மா இருப்பாரா? கல்யாணத்தைக் காப்பாத்தணும்ல. அவ பெட்டியைத் தூக்கி வெளிய மணல்ல வீசினாரு. பிரஷ்ஷு, பஞ்சு, பவுடரு, சின்னச் சின்ன டப்பா எல்லாம் மணல்ல உருண்டுச்சு. அவ குனிஞ்சு ஒவ்வொண்ணா எடுத்து ஊதி ஊதி உள்ள வச்சதை நான் ஜன்னல் வழியா பாத்தேன். ஜன்னல் சாத்தியிருந்துச்சு. திறக்கல. போகும்போதும் வாசல்ல நின்ன எங்க பெரியப்பா பொண்ணுகிட்ட, "ஊசியால குத்திடாதீங்க, ஈரத்துணி போட்டு எடுங்க, முழுக்கை காட்டன் ஜாக்கெட்டா போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. அப்படித்தான் போட்டோம். அந்தக் கொதிக்கிற மணல்ல சிந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்து தாலி கட்டிக்கிட்டா. தீபன் பட்டுத்துண்டால அவளுக்கு விசிறிக்கிட்டே இருந்தான். நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டதைப் பாத்து, "வளத்த பாசம்"னாங்க.

என் கையும் வெந்துச்சு, தெரியுமா? இந்த விரல் சந்துல கருப்பா படை மாதிரி, ஆறு மாசம் இருந்துச்சு. கேட்டவங்ககிட்ட முறுக்கு சுட்டப்ப எண்ணெய் தெறிச்சுதுன்னேன். ஒரு பொய்யி குட்டி போட்டுக்கிட்டே போகுதுங்க.

அந்தப் பெரியப்பா பொண்ணு இருக்கே, அது கொப்புளத்தை போட்டோ பிடிச்சு, பார்லர் பேரையும் போட்டு ஸ்டேட்டஸ்ல வச்சுடுச்சு. கடலூர்ல யாருக்குத் தெரியாது அப்புறம்? ரெண்டு மாசத்துல கடையைக் காலி பண்ணிட்டா. அந்த மாடியில இப்ப செல்போன் கடை. அவ உங்க ஊர்ப் பக்கம் வந்து வீடு வீடா போய்ப் புருவம் எடுக்குறாள்னு கேள்விப்பட்டேன். மருதாணி வைக்கிறாள்னாங்க. அவ கடை இருந்த தெரு வழியா நான் காய்கறிக்குப் போறதில்ல இப்ப. சுத்திக்கிட்டு ரயில்வே கேட் வழியா போறேன். வெயில்தான், என்ன பண்றது.

சிந்துவுக்குத் தெரியுமான்னு கேக்குறீங்களா?

தெரியாதுன்னுதான் ஒண்ணரை வருஷம் நினைச்சேன். கோயம்புத்தூர்ல டாக்டர்கிட்ட போனாங்க. என்ன சொன்னாருன்னு போன்ல கேட்டேன், "சரியாயிடுமாம் அத்தை"ன்னா, அத்தோட விட்டுட்டா. வளைகாப்பு முடிஞ்சு வந்தாள்ல போன மாசம். குனிய முடியல, "முதுகு தேச்சு விடு அத்தை"ன்னு கூப்பிட்டா. எனக்குத் தலைகால் புரியல. ஓடினேன். முக்காலியில உக்காந்திருக்கா, முதுகைக் காட்டிக்கிட்டு. தோள்ல அந்த அடையாளம் இன்னும் லேசா தெரியுது. மாவைக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டு கிட்டக்க போறேன், திரும்பாமயே சொல்றா.

"அத்தை, கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு வா."

கோபமா சொல்லல. சின்னப் பிள்ளைகிட்ட சொல்ற மாதிரி சொன்னா. நான் கழுவினேன். திரும்பி வந்தேன். "ரெண்டு தரம் கழுவினியா?"ன்னா. கழுவினேன்னேன். "சரி, தேய்"னு முதுகைக் குடுத்தா. என் கண்ணுத்தண்ணி அவ முதுகுல விழுந்துச்சு, வெந்நின்னு நினைச்சிருப்பா.

அவ ஏன் சொல்லல, கேளுங்க. இது எலுமிச்சையால வந்ததுன்னு டாக்டர் சொல்லியிருப்பாரு, அன்னைக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. சொன்னா அவ மாமியார் முன்னாடி, அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி என் மானம் போகும். எனக்காக வாயை மூடிக்கிட்டா. அவளுக்கு ராணியைப் பிடிக்கும், தெரியுங்களா? "ராணிக்கா, ராணிக்கா"ன்னு உருகுவா. என்னால அவளும் அந்தப் பாவத்துல பாதி தூக்கிக்கிட்டு இருக்கா, வயித்துல பிள்ளையோட. தோளு வெந்தது கூட ஆறிப்போச்சுங்க. இது ஆற மாட்டேங்குது.

அதனால நீங்க ராணியையே வச்சுக்குங்க. கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்க. யாராவது கேட்டா, கடலூருக்கே போய் விசாரிச்சோம், ஒண்ணும் குறையில்லன்னு சொல்லிடுங்க. என் பேரை மட்டும் சொல்ல வேணாம். எலுமிச்சம்பழக் கதையும் வேணாம். சும்மா, குறையில்லன்னு.

என்ன அப்படிப் பாக்குறீங்க?

சரிதான். நீங்க ஒருத்தர் நம்பி என்ன ஆகும்? உங்க பொண்ணுக்கு அடுத்த பொண்ணு வீட்டுக்காரங்க மறுபடி இந்த வாசல்ல வந்து நிப்பாங்க. அண்ணன் மறுபடி "தலைவச்சுப் படுக்காதீங்க"ம்பாரு. நான் மறுபடி காப்பி போடணும்.

இருங்க. அந்த அஞ்சறைப் பெட்டியை லேசா தூக்குங்க. அடியில இருக்கா? அதுதான் சீட்டு. மஞ்சள் பட்டிருக்கு, ஆனா படிக்கலாம். தூக்கிப் போடவும் முடியல, பிரிச்சுப் பாக்கவும் முடியல. ரெண்டு கோடு போட்டிருக்கு பாருங்க அந்த வரிக்குக் கீழ. இதை நீங்க எடுத்துட்டுப் போங்க. உங்க பொண்ணுக்குப் பொருந்தும், அவ எழுதினா எல்லாருக்கும் பொருந்தும்.

அவ நம்பர் உங்ககிட்ட இருக்குமே? போடுங்க. இப்பவே போடுங்க, யோசிச்சா நான் மாறிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். நீங்க பேசாதீங்க, என்கிட்ட குடுங்க.

ரிங்கு போகுது. போகுது. எடுக்கல.

எடுக்கலைங்க. அப்பாடா. ஐயோ, என்ன சொன்னேன் பாத்தீங்களா? அப்பாடான்னேன். என்ன ஜென்மம் நான்.

இந்தாங்க, உங்க போனு. ஐயையோ, அடிக்குது. அவளா? ராணின்னு போட்டிருக்கா? குடுங்க. இல்ல, குடுங்க, நானே பேசறேன்.

ராணி. பண்ருட்டி அம்மா இல்ல. நான், மங்கை. சிந்துவோட அத்தை. வச்சுடாதம்மா, வச்சுடாத, ஒரே ஒரு வார்த்தை. அன்னைக்கு நீ கேட்டல்ல. நான்... கேக்குதா? பஸ்ஸுல இருக்கியா? சத்தமா சொல்லணுமா?

இங்க டிவி வேற...

சரி. சத்தமாவே சொல்றேன். எலுமிச்சம்பழம் நான்தான் தேச்சேன்! ஆமா! நீ எழுதிக் குடுத்தும் தேச்சேன்! உன் க்ரீம் இல்ல! உன் மேல ஒரு குத்தமும் இல்ல! நான்தான் பொய் சொன்னேன்!

டிவி நின்னு போச்சு. அண்ணன் எழுந்து வர்றாரு, செருப்பு சத்தம் கேக்குது. உள் ரூம் கதவும் திறக்குது. நீங்க எழுந்திருக்காதீங்க, உக்காருங்க, நீங்க இருந்தாதான் நான் மாத்திப் பேச மாட்டேன்.

ராணி, இருக்கியா? லைன்லயே இரும்மா. எல்லாரும் வந்துட்டாங்க. இவங்க கேக்கற மாதிரி இன்னொரு தரம் சொல்றேன்.